ஜார்ஜ் எஸ். காஃப்மன்: எப்போதும் கூட்டாளியோடு எழுதியவரை எப்படி மதிப்பிடுவது?

மேடைப்பக்கம்

நியூயார்க்கின் வணிக நாடக உலகமான பிராட்வேயின் நகைச்சுவை நாடகங்களைப் பற்றிப் பேசும்போது ஜார்ஜ் எஸ். காஃப்மன் பெயரை எடுத்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது: "அவர் தனியாக என்ன எழுதினார்?" கேட்பவர் அதோடு அவரை ஒதுக்கிவிடுகிறார். இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்க நாடகாசிரியர். 1889-ல் பிட்ஸ்பர்கில் பிறந்தவர், 1961-ல் நியூயார்க்கில் இறந்தார். நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் நாடகப் பகுதியைக் கவனித்துக்கொண்டவர். மேடையில் வரிசையாக வெற்றி வந்த பிறகும் 1930 வரை அந்த மாதச் சம்பள வேலையை விடவில்லை. அடுத்த நாடகம் கவிழ்ந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் நம்பியவர் அவர்.

இனி கூட்டாளிகள். முதலில் மார்க் கானலி. இருவரும் சேர்ந்து 1921-ல் 'டல்சி', பிறகு 'மெர்ட்டன் ஆஃப் த மூவீஸ்', 1924-ல் 'பெக்கர் ஆன் ஹார்ஸ்பேக்' எழுதினார்கள். நாவலாசிரியை எட்னா ஃபெர்பரோடு 'த ராயல் ஃபேமிலி', 'டின்னர் அட் எய்ட்', 'ஸ்டேஜ் டோர்'. சிறுகதைக்காரர் ரிங் லார்ட்னரோடு 'ஜூன் மூன்'. மாரி ரிஸ்கைண்டோடு 'ஆஃப் தீ ஐ சிங்' முதலிய இசை நாடகங்கள். மாஸ் ஹார்ட்டோடு 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' தொடங்கி 'யூ கான்ட் டேக் இட் வித் யூ', 'த மேன் ஹூ கேம் டு டின்னர்' வரை. இன்னும் பலர் உண்டு. இசை நாடகங்களை விட்டுவிட்டால், தனியாக எழுதி நன்றாக ஓடிய முழுநீள நாடகம் என்று 1925-ல் வந்த 'த பட்டர் அண்ட் எக் மேன்' ஒன்றைத்தான் சொல்ல முடியும். ஒஹையோவின் சிறு ஊரிலிருந்து கையில் பணத்தோடு நியூயார்க் வரும் ஓர் இளைஞனை நாடகத் தயாரிப்பாளர்கள் வளைத்துப் போடும் கதை. இன்றும் சிரிக்க வைக்கிறது. ஆக, அவருக்குத் தனியாக எழுதத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப இன்னொருவரை எதிரில் உட்காரவைத்துத்தான் எழுதினார்.

சேர்ந்து எழுதுவதுதான் அவருடைய கலை என்று நினைக்கிறேன். ஒரு கவிஞருக்கு யாப்பு எப்படியோ, அவருக்குக் கூட்டாளி அப்படி. அவரைத் தனியாகப் பிரித்தெடுத்து எடைபோட முயல்வதால்தான் அவர் சிறியவராகத் தெரிகிறார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கறார்வாசகன்

நண்பரே, நீங்கள் கொடுத்த பட்டியலே எனக்குச் சாதகமாக இருக்கிறது. ஃபெர்பரோடு எழுதியவை குடும்பக் கதையாக, பரந்த பாத்திரக் கூட்டத்தோடு இருக்கின்றன. ஃபெர்பரின் நாவல்களும் அப்படித்தான். லார்ட்னரோடு எழுதியதில் பாட்டெழுதும் அப்பாவி வருகிறான், லார்ட்னரின் கதைகளில் வரும் அதே பேச்சுவழக்கோடு. ஹார்ட்டோடு எழுதியவற்றில் ஒரு கனிவு இருக்கிறது, அது வேறு எந்தக் காஃப்மன் நாடகத்திலும் அந்த அளவுக்குக் கிடையாது. கூட்டாளி மாறும்போதெல்லாம் நாடகமும் மாறுகிறது என்றால் நாடகம் யாருடையது?

இன்னொன்று. அந்தக் கூட்டாளிகள் யாரும் காஃப்மன் இல்லாமல் திண்டாடவில்லை. கானலி பிரிந்துபோய்த் தனியாக எழுதிய 'த கிரீன் பாஸ்சர்ஸ்' 1930-ல் புலிட்சர் பரிசு வாங்கியது. ஃபெர்பர் 1925-லேயே 'சோ பிக்' நாவலுக்குப் புலிட்சர் வாங்கிவிட்டார். ஹார்ட் 1941-ல் 'லேடி இன் த டார்க்' எழுதி வெற்றி பெற்றார். காஃப்மனுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களுக்கு அவர் எவ்வளவு தேவைப்பட்டார்?

காதல் காட்சி எழுதவே அவருக்குப் பிடிக்காது, அதைக் கூட்டாளிகளிடம் தள்ளிவிடுவார் என்பது எல்லாரும் அறிந்தது. மனித உறவின் மையமான ஒன்றையே பிறரிடம் ஒப்படைத்தவரை முழு நாடகாசிரியர் என்று எப்படிச் சொல்வது?

மேடைப்பக்கம்

கேள்வி நியாயமானது. சுற்றிவளைக்காமல் ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்: 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்'. ஹார்ட் 1959-ல் வெளியிட்ட 'ஆக்ட் ஒன்' என்ற தன்வரலாற்றில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்.

ஹார்ட் நியூயார்க்கில் வறுமையில் வளர்ந்தவர். கோடை முகாம்களில் ஆட்டம் பாட்டம் நடத்திக் கொடுத்துப் பிழைத்தவர். இருபத்தைந்து வயதில், ஹாலிவுட்டைக் கண்ணால் பார்க்காமலேயே, ஹாலிவுட்டைப் பற்றி ஒரு நகைச்சுவை எழுதுகிறார். பேசும்படம் வந்த புதிது. பேசத் தெரியாத நடிகர்களுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுக்கிறோம் என்று மூன்று மேடைக் கலைஞர்கள் கிளம்பிப் போகிறார்கள். மூவரில் எதுவும் தெரியாதவன் ஸ்டூடியோவில் பெரிய ஆளாகிவிடுகிறான். இதுதான் கதை. தயாரிப்பாளர் சாம் ஹாரிஸ் படித்துவிட்டு, காஃப்மனோடு உட்கார்ந்து திருத்தி எழுதினால் மேடையேற்றுகிறேன் என்கிறார். ஹார்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயதிலிருந்து காஃப்மன் அவருக்கு ஆதர்சம்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். தினமும் காலையிலிருந்து ராத்திரி வரை காஃப்மன் வீட்டில் வேலை. சாப்பாட்டில் அவருக்கு அக்கறையே கிடையாது. ஹார்ட்டுக்கோ நாள் முழுக்கப் பசி. இரண்டு மூன்று வரிகளுக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளுகிறார் காஃப்மன். ஹார்ட் நெகிழ்ந்து நன்றி சொல்லத் தொடங்கினால் நாற்காலியை விட்டே எழுந்து ஓடுகிறார். பாராட்டைக் கேட்பது அவருக்கு வாதை.

அட்லாண்டிக் சிட்டியில் வெள்ளோட்டம். முதல் அங்கம் அமோகம், மூன்றாவது அங்கம் படுத்துவிட்டது. பிறகு பிரைட்டன் பீச்சில் திருத்திப் போடுகிறார்கள், அங்கேயும் தேறவில்லை. தன்னிடம் இனிக் கொடுக்க எதுவுமில்லை என்று காஃப்மன் விலகிக்கொள்கிறார். ஹார்ட் உட்கார்ந்து புது யோசனைகளோடு திரும்பிவந்து அவரைப் பேசி மனம்மாற்றுகிறார். பிலடெல்பியாவிலும் அதே மூன்றாவது அங்கம் இடிக்கிறது. அப்போது சாம் ஹாரிஸ் ஹார்ட்டிடம் சொன்னது, நாடகம் ரொம்ப இரைச்சலாக இருக்கிறது என்று. மேடையில் எந்த நேரமும் கூட்டம், ஓட்டம், சத்தம். ரெண்டு பேர் அமைதியாக உட்கார்ந்து பேசுகிற இடமே இல்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, பெரும் செலவில் போட்ட கேளிக்கை விடுதி அரங்க அமைப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ரயில் பெட்டிக்குள் நடக்கும் எளிய காட்சியை வைக்கலாம் என்கிறார் ஹார்ட். காஃப்மன் ஒத்துக்கொள்கிறார். 1930 செப்டம்பரில் நியூயார்க்கின் மியூசிக் பாக்ஸ் அரங்கில் அரங்கேறி, 400 தடவைக்கு மேல் ஓடியது.

முதல் நாள் முடிவில் காஃப்மன் மேடைக்கு வந்து, இந்த நாடகத்தில் எண்பது சதவீதம் மாஸ் ஹார்ட் எழுதியது என்று பார்வையாளர்களிடம் சொன்னார். அப்போது அவர் பிராட்வேயின் பெரிய பெயர். ஹார்ட்டை யாருக்கும் தெரியாது.

காதல் காட்சி விஷயம் உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் தன்னால் எது முடியாது என்று தெரிந்து, அது முடிகிற ஆளைத் தேடிப் பிடிப்பதும் நாடகம் எழுதுவதில் ஒரு பகுதி என்பேன்.

கறார்வாசகன்

இதை ரசித்துப் படித்தேன். ஆனால் பாருங்கள், சிக்கலை அவிழ்த்தது யார்? இரைச்சல் என்று கண்டுபிடித்தது ஹாரிஸ். ரயில் பெட்டிக் காட்சியை யோசித்தது ஹார்ட். காஃப்மன் இடையில் கைவிட்டேவிட்டார். எண்பது சதவீதம் என்று அவர் சொன்னதைப் பெருந்தன்மை என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளதைச் சொல்லியிருக்கலாம் அல்லவா?

பழைய ஒத்திகை

இந்தப் பேச்சை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாடகம் இயக்குகிற ஆள் என்கிற முறையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் இருவரும் காகிதத்தில் எழுதுவதை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். காஃப்மன் ஓர் இயக்குநரும் கூட. அதைச் சேர்த்துப் பார்க்காமல் அவர் பங்கை அளக்கவே முடியாது.

ஒத்திகையின்போது அவர் அரங்கின் பின்பக்கம் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மேடையைப் பார்க்கவே மாட்டார், காதால் கேட்பார். எந்த வார்த்தை வாக்கியத்தின் கடைசியில் விழுந்தால் சிரிப்பு வரும், எந்த அசை கூடுதலாக இருந்து சிரிப்பைக் கெடுக்கிறது என்பதைக் காது சொல்லிவிடும். ஒரு நகைச்சுவை வரிக்குப் பின்னால் இன்னும் இரண்டு சொல் ஒட்டிக்கொண்டிருந்தால் பார்வையாளர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திவிடுவார்கள், அடுத்த வரி கேட்க வேண்டுமே என்று. அப்படி அடக்கிய சிரிப்பு திரும்ப வராது. இது எனக்கு ஒத்திகைக் கூடத்தில்தான் புரிந்தது, எந்தப் பிரதியைப் படித்தும் புரியவில்லை. அந்த இரண்டு சொல்லை வெட்டுகிறவருக்குப் பெயர்ப் பலகையில் எத்தனை சதவீதம் கொடுப்பீர்கள்?

பிறர் நாடகங்களில் அவர் செய்ததையும் பாருங்கள். 1928-ல் 'த ஃப்ரண்ட் பேஜ்' இயக்கினார், எழுதியவர்கள் ஹெக்ட்டும் மெக்கார்த்தரும். பத்திரிகை அலுவலக வேகத்தை மேடைக்குக் கொண்டுவந்த நாடகம் அது. ஒன்பது வருடம் கழித்து ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்'. நகைச்சுவைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பண்ணைக் கூலிகளின் துயரம். நாவலை நாடகமாக்கும்போது கர்லியின் மனைவி பாத்திரத்தை இன்னும் விரித்து எழுதச் சொல்லி ஸ்டைன்பெக்குக்கு யோசனை சொன்னவர் காஃப்மன். ஸ்டைன்பெக் அந்தத் தயாரிப்பை நேரில் பார்க்கவே வரவில்லை. நாடகத்துக்கு நியூயார்க் விமர்சகர் வட்டத்தின் பரிசு கிடைத்தது.

1950-ல் 'கைஸ் அண்ட் டால்ஸ்'. அறுபது வயதில் இயக்கிய இசை நாடகம், அதற்கு டோனி விருது வாங்கினார். முதல் பாதிப் பாட்டுகளை இரண்டாம் பாதியில் மறுபடி பாடவைக்க வேண்டும் என்று இசையமைப்பாளர் ஃபிராங்க் லோசர் கேட்டாராம். அப்படியானால் முதல் பாதி நகைச்சுவையையும் மறுபடி போடுகிறேன் என்றாராம் இவர். வேடிக்கையாகச் சொன்னாலும் அது அவருடைய நாடக இலக்கணம்: ஒரு தடவை சொன்னது வேலை செய்துவிட்டால் நகர்ந்துவிட வேண்டும்.

கறார்வாசகன் சொன்ன மூன்றாவது அங்க விஷயத்துக்கு வருகிறேன். நகைச்சுவைக்கு மூன்றாவது அங்கம் எப்போதும் கஷ்டம். முதல் அங்கத்தில் எல்லாரும் புதிது, சிரிப்பு தானாக வரும். இரண்டாவதில் குழப்பத்தைக் கூட்டலாம். மூன்றாவதில் முடிச்சை அவிழ்த்தாக வேண்டும், அவிழ்க்க அவிழ்க்கச் சிரிப்புக் குறையும். அந்த இடத்தில் கையை விரிக்கிற அளவுக்கு ஒருவர் சோர்ந்துபோவது எனக்கு நன்றாகப் புரிகிறது. செலவு செய்த அரங்க அமைப்பைத் தூக்கிப் போட ஒரு புது ஆள் சொல்லும்போது சரி என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதும் புரிகிறது.

நிலாமுற்றம்

ஐயா சொன்னதோடு எட்னா ஃபெர்பர் பக்கத்தையும் சேர்க்கிறேன். ஹார்ட்டைப் பற்றியே எல்லாரும் பேசுவதால் ஃபெர்பர் மறைந்துபோகிறார். 'டின்னர் அட் எய்ட்' அந்தக் கூட்டின் உச்சம் என்பது என் துணிபு.

1932 அக்டோபர். பொருளாதார மந்தத்தின் அடி ஆழம். நியூயார்க்கில் ஒரு பணக்கார வீட்டம்மா, மில்லிசன்ட் ஜார்டன், ஓர் ஆங்கிலேயப் பிரபு தம்பதிக்கு விருந்து ஏற்பாடு செய்கிறாள். விருந்துக்கு அழைக்கப்பட்ட ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் நாடகம் நம்மைக் கூட்டிப்போகிறது. அவள் கணவரின் கப்பல் நிறுவனம் மூழ்கிக்கொண்டிருக்கிறது, அவருக்கு இதய நோய் வேறு. நிறுவனத்தை விழுங்கப் பார்க்கிறவனும் விருந்தாளிகளில் ஒருவன். அவன் மனைவிக்கும் ஒரு மருத்துவருக்கும் தொடுப்பு, அந்த மருத்துவரும் அதே விருந்துக்கு வருகிறார். வயதான நடிகை ஒருத்தி பணமில்லாமல் பங்குகளை விற்கிறாள். லாரி ரெனால்ட் என்கிற, மவுசு போன, குடியில் மூழ்கிய நடிகன் ஓட்டல் அறையில் எரிவாயுவைத் திறந்துவிட்டுச் செத்துப்போகிறான். அவன் செத்தது விருந்தில் யாருக்கும் தெரியாது. எல்லாரும் சாப்பிடப் போகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் மில்லிசன்டின் கவலை என்ன? விருந்துக்குச் செய்த ஆஸ்பிக் (சாற்றை உறையவைத்துச் செய்யும் ஜெல்லிப் பண்டம்) கெட்டுப்போனது. அவள் அதற்காக வெடித்து அழும் இடம் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும், அப்போதே நெஞ்சையும் அடைக்கும்.

இதில் எது ஃபெர்பர், எது காஃப்மன் என்று கறார்வாசகன் பிரித்துக் காட்டட்டும். அத்தனை குடும்பங்களின் கதையையும் ஒரே மாலைக்குள் கட்டியது நாவலாசிரியையின் வேலை என்று சொல்லலாம். ஆனால் ரெனால்ட் சாகும் காட்சியையும் ஆஸ்பிக் காட்சியையும் இவ்வளவு அருகருகே வைத்தது? ஃபெர்பரின் நாவல்களில் அந்த ஈரமற்ற வெட்டு கிடையாது. காஃப்மனின் மற்ற நாடகங்களில் இந்தச் சாவின் கனம் கிடையாது. இருவரில் யாரும் தனியாக எழுதியிருக்க முடியாத நாடகம் இது.

'த ராயல் ஃபேமிலி' 1927-ல் வந்தது. பாரிமோர் நடிகர் குடும்பத்தை நினைவூட்டும் கதை, எதல் பாரிமோருக்குக் கடும் கோபம். வழக்குப் போடுவேன் என்றெல்லாம் பேச்சு வந்தது. 'டின்னர் அட் எய்ட்' 1933-ல் படமானபோது ரெனால்டாக நடித்தவர் ஜான் பாரிமோர். குடியால் தன் தொழில் சரிந்துகொண்டிருந்த மனிதரே அந்த வேடத்தைக் கூசாமல் ஏற்றார். அந்த ஓட்டல் அறைக் காட்சியை என்னால் ஒவ்வொரு முறையும் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

'ஸ்டேஜ் டோர்' பற்றியும் ஒரு வார்த்தை. வாய்ப்புத் தேடும் நடிகைகள் தங்கும் விடுதி. சினிமாவுக்குப் போய்விடலாமா, பட்டினி கிடந்தாலும் மேடையிலேயே நிற்பதா என்கிற போராட்டம். ஹாலிவுட் அதைப் படமாக்கும்போது அடையாளமே தெரியாமல் மாற்றியது. 'ஸ்க்ரீன் டோர்' என்று பெயர் வைத்திருக்கலாம் என்றார் காஃப்மன்.

தட்டச்சுக்காரி

நான் இந்தப் பக்கத்துக்குப் புதுசு. நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் படங்களை மட்டும் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கேயோ படித்தேன். அது உண்மையா? அப்படியென்றால் எதை எழுதினார்? அப்புறம், நிலாமுற்றம் அக்கா, இவரைப் படிக்க எங்கே தொடங்குவது என்றும் சொல்லுங்கள்.

மேடைப்பக்கம்

உண்மைதான். 'த கோகனட்ஸ்' 1925-ல் மேடை இசை நாடகமாக வந்தது. பிரதி காஃப்மன், பாட்டு இர்விங் பெர்லின். 'அனிமல் கிராக்கர்ஸ்' 1928-ல், ரிஸ்கைண்டோடு. இரண்டும் பிறகு படமாகின. 1935-ல் 'எ நைட் அட் தி ஆப்பரா' திரைக்கதையும் இந்த இருவர்தான். மார்க்ஸ் சகோதரர்கள் பிரதிக்கு அடங்குகிறவர்கள் இல்லை, ஒவ்வொரு ராத்திரியும் சொந்தமாக எதையாவது சேர்ப்பார்கள். 'கோகனட்ஸ்' ஓடும்போது அரங்கின் பின்னால் நின்ற காஃப்மன் பேச்சை நடுவில் நிறுத்தி, நான் எழுதிய வரி ஒன்று இப்போது காதில் விழுந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னதாக ஒரு கதை உண்டு.

ரிஸ்கைண்ட் பெயர் வந்ததால் அதைக் கொஞ்சம் விரிக்கிறேன். கறார்வாசகனின் கேள்விக்கு நேரடியான சோதனை இங்கே இருக்கிறது. 1927-ல் காஃப்மன் தனியாக 'ஸ்ட்ரைக் அப் த பேண்ட்' என்ற இசை நாடகத்துக்குப் பிரதி எழுதினார். இசை கெர்ஷ்வின் சகோதரர்கள். பாலாடைக் கட்டிக்கான இறக்குமதி வரியை வைத்து அமெரிக்கா சுவிட்சர்லாந்தோடு போருக்குப் போகிறது. போரால் லாபம் பார்ப்பவர்களை ஈவிரக்கமில்லாமல் கிழித்தெடுத்த பிரதி. பிலடெல்பியாவிலேயே மூடிவிட்டார்கள், நியூயார்க்குக்கு வரவே இல்லை. அங்கதம் என்பது சனிக்கிழமை ராத்திரி மூடப்படும் சரக்கு என்று அவர் சொன்ன புகழ்பெற்ற வார்த்தைக்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. பிறகு ரிஸ்கைண்ட் அதைத் திருத்தினார். பாலாடைக் கட்டி சாக்லேட் ஆனது, போர் ஒரு கனவாக ஆனது, 1930-ல் வெற்றி பெற்றது.

அடுத்த ஆண்டு இதே நால்வரும் சேர்ந்து 'ஆஃப் தீ ஐ சிங்'. ஜான் வின்டர்கிரீன் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நிற்கிறான். அவன் கட்சிக்குக் கொள்கை எதுவும் கிடையாது, காதல் ஒன்றுதான் கொள்கை. அட்லாண்டிக் சிட்டியில் அழகிப் போட்டி வைத்து, ஜெயிப்பவளைக் கல்யாணம் செய்துகொள்வதாக அறிவிக்கிறார்கள். ஆனால் அவனோ சோள மஃபின் நன்றாகச் செய்யும் வேறொருத்தியிடம் மனதைக் கொடுத்துவிடுகிறான். போட்டியில் ஜெயித்தவளுக்குப் பிரெஞ்சுத் தொடர்பு இருப்பதால் பிரான்ஸ் சண்டைக்கு வருகிறது. பதவி நீக்கத் தீர்மானம் வரைக்கும் போகிறது. துணை அதிபர் த்ராட்டில்பாட்டமை யாருக்கும் அடையாளம் தெரியாது, வெள்ளை மாளிகைக்குள் சுற்றுலாப் பயணிகளோடு வரிசையில் நின்றுதான் நுழைகிறார். கடைசியில் முடிச்சு அவிழ்வது அவரால்தான். அதிபரால் ஒரு கடமையை நிறைவேற்ற முடியாதபோது துணை அதிபர் அதை ஏற்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். ஆகவே அந்த அழகியை அவர் மணந்துகொள்ள வேண்டும்! நகைச்சுவையின் முடிச்சை அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை வைத்தே அவிழ்த்திருக்கிறார்கள். பழைய ஒத்திகை ஐயா சொன்ன மூன்றாவது அங்கக் கஷ்டத்துக்கு இதைவிட நேர்த்தியான தீர்வை நான் பார்த்ததில்லை.

1932-ல் புலிட்சர் பரிசு. நாடகத்துக்கான புலிட்சரை வாங்கிய முதல் இசை நாடகம் இதுதான். காஃப்மன், ரிஸ்கைண்ட், பாட்டெழுதிய ஐரா கெர்ஷ்வின் மூவருக்கும் கொடுத்தார்கள். இசையமைத்த ஜார்ஜ் கெர்ஷ்வினுக்குக் கொடுக்கவில்லை, பரிசு எழுத்துக்குத்தான் என்று. 1998-ல் சிறப்புப் பரிசு கொடுத்தபோது அவர் இறந்து அறுபது வருடம் ஆகியிருந்தது. யார் எவ்வளவு செய்தார் என்று பிரித்துப் பெயர் எழுதத் தொடங்கினால் இப்படித்தான் போய் முடியும். அந்த இசையை எடுத்துவிட்டு அந்த நாடகத்தை யாரால் நினைக்க முடியும்?

கறார்வாசகன்

'ஸ்ட்ரைக் அப் த பேண்ட்' நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். 1927 பிரதிதான் துணிச்சலான பிரதி. முதல் உலகப் போர் முடிந்து பத்து வருடம்கூட ஆகாத நேரத்தில் அப்படி எழுதியவர் தனியாக எழுதிய காஃப்மன். கூட்டாளி வந்ததும் கூர் மழுங்கியது, பணம் வந்தது. சேர்ந்து எழுதுவதற்கு ஒரு விலை இருக்கிறது. பார்வையாளருக்குப் பிடிக்குமா என்று இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் பதில் எப்போதும் பாதுகாப்பான பக்கம் சாயும்.

'யூ கான்ட் டேக் இட் வித் யூ' விஷயத்திலும் எனக்கு அந்தச் சந்தேகம்தான். 1937-ன் புலிட்சர், 800 தடவைக்கு மேல் ஓடியது, எல்லாம் சரி. ஆனால் மந்தநிலைக் காலத்தில் அந்த நாடகத்தில் வரும் தாத்தா வேலைக்கே போகாமல் பாம்பு வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். சொந்த வருமானம் இருக்கிறவருக்குத்தானே அது முடியும்? வீட்டுச் சமையற்காரி ரீபா, அவள் காதலன் டொனால்ட் இரண்டு பேரையும் கறுப்பினத்தவரைப் பற்றி அன்றைக்கு இருந்த தேய்ந்த அச்சிலேயே வார்த்திருக்கிறார்கள். இரண்டு பேர் எழுதியும் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

பழைய ஒத்திகை

ரீபா, டொனால்ட் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. இன்றைக்கு மேடையேற்றுகிறவர்கள் அந்தப் பாத்திரங்களைக் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்த நாடகம் பாதுகாப்பான நாடகம் என்பதை ஏற்க மாட்டேன். தாத்தா வேண்டர்ஹாஃப் ஒருநாள் காலை அலுவலகத்துக்கு மின்தூக்கியில் ஏறிப்போய், அப்படியே இறங்கித் திரும்பி வந்தவர். முப்பத்தைந்து வருடமாகப் போகவில்லை. வீட்டுக்குத் தவறுதலாக ஒரு தட்டச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது என்பதற்காக அவர் மகள் எட்டு வருடமாக நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஐஸ் கொண்டுவந்து கொடுத்த ஆள் அப்படியே தங்கி, நிலவறையில் மருமகனோடு வாணவெடி செய்கிறான். வருமான வரிக்காரர் வரும்போது, அந்தப் பணத்தை வைத்து அரசாங்கம் எனக்கு என்ன செய்யும் என்று தாத்தா நிதானமாகக் கேட்கிறார். போர்க்கப்பல் என்று பதில் வந்ததும் அது எனக்கு வேண்டாமே என்கிறார். அரண்மனை இழந்து உணவு விடுதியில் பரிமாறும் ரஷ்யக் கோமகள் ஒருத்தி வந்து, வீட்டுச் சமையலறையில் பிளின்ட்ஸ் என்ற மெல்லிய அப்பம் சுட்டுக் கொடுக்கிறாள். வேலையில்லாத் திண்டாட்டத்தால் கூனிக் குறுகிக் கிடந்த ஒரு தலைமுறைக்கு முன்னால், வேலை மட்டும் மனிதனின் மதிப்பல்ல என்று சொன்ன நாடகம் இது. நீங்கள் கேட்ட சொந்த வருமானக் கேள்வி சரிதான். அதற்கு நாடகத்துக்குள் பதில் இல்லை.

இயக்குகிற கோணத்திலிருந்தும் ஒன்று. தாத்தாவின் பேத்தியைக் காதலிக்கும் பணக்கார இளைஞனின் வீட்டாரான கர்பி குடும்பம் விருந்துக்கு ஒருநாள் முன்னதாகவே வந்து நிற்கும் இரண்டாவது அங்கத்தில், மேடையில் ஆளாளுக்குத் தனி வேலை நடக்கும். ஒருத்தி ஆடுகிறாள், ஒருவர் அரைகுறை உடையில் ஓவியத்துக்கு நிற்கிறார், கீழே வெடி. இருந்தாலும் பார்வையாளரின் கண் எந்த நொடியில் எங்கே போக வேண்டும் என்பது வசனத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இயக்குநரே உட்கார்ந்து எழுதினால்தான் இப்படி வரும்.

மேடைப்பக்கம்

கூர் மழுங்கியது பற்றி ஒன்றே ஒன்று. 1934-ல் காஃப்மனும் ஹார்ட்டும் 'மெரிலி வீ ரோல் அலாங்' எழுதினார்கள். புகழும் பணமும் சேர்ந்த ஒரு நாடகாசிரியனின் வாழ்க்கையைப் பின்னோக்கிச் சொல்கிறது. கசந்துபோன நடுவயதில் தொடங்கி, கல்லூரி நாளின் நம்பிக்கையில் முடிகிறது. எவ்வளவு இழந்தான் என்பது தெரிந்த பிறகுதான் அவன் இளமைப் பேச்சைக் கேட்கிறோம். பாதுகாப்பான பக்கம் சாய்கிறவர்கள் இப்படி ஒன்றைத் தொட மாட்டார்கள். பெரிதாக ஓடவில்லை. 1981-ல் இசையமைப்பாளர் ஸ்டீபன் சான்ட்ஹைம் இதை இசை நாடகமாக்கினார், அது இரண்டு வாரத்திலேயே மூடப்பட்டது. நாற்பது வருடம் கழித்துத்தான் அந்த இசை நாடகத்துக்கு பிராட்வேயில் பெரிய வரவேற்பு கிடைத்தது.

ஹார்ட்டும் காஃப்மனும் 1940-க்குப் பிறகு சேர்ந்து எழுதவில்லை. சண்டையால் பிரிந்தவர்கள் இல்லை. ஹார்ட் தன் சொந்தக் காலில் நிற்க விரும்பினார், நின்றார். நட்பு கடைசிவரை இருந்தது. காஃப்மன் 1961 ஜூனில் இறந்தார், ஹார்ட் அதே ஆண்டு டிசம்பரில்.

நிலாமுற்றம்

தட்டச்சுக்காரி, எங்கே தொடங்குவது என்று கேட்டாயே. முதலில் 'த மேன் ஹூ கேம் டு டின்னர்' எடு. ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றும் ஒரு பிரபலம் ஒஹையோவில் ஒரு வீட்டு வாசலில் பனியில் வழுக்கி விழுந்து, அந்த வீட்டிலேயே சக்கர நாற்காலியில் வாரக்கணக்கில் தங்கி எல்லாரையும் ஆட்டிப்படைக்கிறார். விமர்சகர் அலெக்சாண்டர் வுல்காட்டை அச்சு அசலாக வைத்து வரைந்த பாத்திரம் அது. வுல்காட் கோபப்படவில்லை. ஊர்ப்பயணக் குழுவில் அந்த வேடத்தைத் தானே ஏற்று நடித்தார். பேன்ஜோ என்று வருபவர் ஹார்போ மார்க்ஸின் நிழல் என்பதால் மார்க்ஸ் படங்கள் பார்த்த உனக்கு உடனே பிடித்துவிடும்.

அடுத்து 'யூ கான்ட் டேக் இட் வித் யூ'. 1938-ல் ஃபிராங்க் காப்ரா எடுத்த படம் ஆஸ்கர் வாங்கியது, ஆனால் அதில் கர்பியை வைத்துப் பெரிய கதையொன்றைச் சேர்த்திருக்கிறார்கள், நாடகத்தின் லேசான நடை அதில் கிடைக்காது. அதனால் நாடகத்தை முதலில் படி. மூன்றாவதாக 'டின்னர் அட் எய்ட்', இதற்கு மட்டும் படத்தை முதலில் பார்த்தாலும் பரவாயில்லை. லைப்ரரி ஆஃப் அமெரிக்கா 2004-ல் வெளியிட்ட 'காஃப்மன் அண்ட் கோ' என்ற ஒரே தொகுதியில் இந்த மூன்றும், 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்', 'ஆஃப் தீ ஐ சிங்' பிரதிகளும் இருக்கின்றன. 'ஆக்ட் ஒன்' புத்தகத்தைக் கடைசியில் வைத்துக்கொள். நாடகங்களைப் படித்த பிறகு அதைத் திறந்தால் பிலடெல்பியா அத்தியாயங்களைக் கீழே வைக்கவே முடியாது.